பப்படக்காரம் முதல் பஞ்சுமிட்டாய் வரை

பாலக்காட்டை ஒட்டி, புழைக்கரையில் இருக்கும் கல்பாத்திக்குப் பெருமை இரண்டு. ஒன்று, ஐப்பசிக் கடைசியில் விஸ்வநாத சுவாமி கோயிலை நடுவாக வைத்து நடக்கும் தேர். இன்னொன்று நாக்கைச் சேர்ந்தது. பப்படம், அரிசிக் கொண்டாட்டம் என்ற வடாம், தயிர் மிளகாய், கடுமாங்காய், பலாப்பழச் சக்கவரட்டி, நேந்திரங்காய் வறுவல் என்று இந்த அக்ரஹாரத்தின் பெயர் சொல்லி விற்கும் பண்டங்களுக்கு வெளியூர்களிலும் ஆள் இருக்கிறது. வாங்குகிறவர் ருசிக்கு மட்டும் காசு கொடுப்பதில்லை, ஒரு நம்பிக்கைக்கும் சேர்த்தே கொடுக்கிறார். 'வீட்டில் செய்தது, கெமிக்கல் எதுவும் போடாதது' என்பதுதான் அந்த நம்பிக்கை. அதே மனிதர் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு ஊறுகாய் பாட்டிலைத் திருப்பிப் பார்க்கிறார். பின்பக்கத்தில் 'ஐ.என்.எஸ். 211' என்று இருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறார். உணவில் எதையாவது சேர்த்தால் அது கெடுதல், சேர்க்காவிட்டால் நல்லது என்ற ஒரே எண்ணம்தான் இரண்டுக்கும் அடிப்படை. இந்த எண்ணம் பாதிதான் சரி. தவறான பாதி, பயப்படத் தேவையில்லாத இடத்தில் நம்மைப் பயப்பட வைக்கிறது. பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக விட்டுவிடுகிறது. சேர்க்கும் பொருள் எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: எவ்வளவு சேர்க்கிறார்கள்? யாருடைய நன்மைக்காகச் சேர்க்கிறார்கள்? இவற்றைக் கேட்டுப் பார்த்தால் பட்டியலே தலைகீழாக மாறும்.

பப்படத்தையே எடுத்துக்கொள்வோம். உளுத்தமாவு, உப்பு, தண்ணீர், கொஞ்சம் நல்லெண்ணெய், இவற்றோடு பப்படக்காரம். காரம் என்பது மிளகாய்க் காரம் அல்ல. சோடியம் கார்பனேட்டை முக்கியமாகக் கொண்ட வெள்ளைத் தூள் அது. ஆப்பச் சோடாவுக்கு நெருங்கிய உறவு. அதைத் தண்ணீரில் கரைத்து மாவில் விட்டு, இறுகும்வரை இடித்துப் பிசைந்து, சிறு உருண்டைகளாகக் கிள்ளி, அரிசி மாவு தூவித் தேய்த்து, கொஞ்ச நேரம் வெயில் காட்டி அடுக்குவார்கள். காரம் போடாத மாவில் இழுவை வராது, தேய்க்கும்போது ஓரம் விண்டுபோகும். காரம் உளுந்தின் புரதத்தை இளக்கி மாவை நீண்டு கொடுக்க வைக்கிறது. கொதிக்கும் எண்ணெயில் போட்டவுடன் உள்ளேயிருக்கும் ஈரம் ஆவியாகித் தள்ள, அந்த மாவு கிழியாமல் பூரித்துக்கொள்கிறது. இதே சோடியம் கார்பனேட்டுக்கு உணவுச் சேர்க்கைப் பொருட்களின் சர்வதேசப் பட்டியலில் ஐ.என்.எஸ். 500 என்று எண் உண்டு. எண்ணைப் பார்த்தால் பயப்படுகிறவர், பொரித்த பப்படத்தை நொறுக்கிச் சாதத்தில் போட்டுக்கொள்ளும்போது பயப்படுவதில்லை. பயப்படவும் தேவையில்லை. ஆனால் காரம் மிஞ்சினால் பப்படம் சோப்பு போல நாறும், உளுந்திலிருக்கும் தயமின் என்ற பி வைட்டமின் கொஞ்சம் அழியும், உப்போடு சேர்ந்து சோடியமும் ஏறும். ரத்த அழுத்தக்காரருக்கு இந்தக் கடைசி விஷயம் முக்கியம்.

அடுத்தது ஊறுகாய். கடுமாங்காய்க்கு உப்புதான் காவல். பிஞ்சு மாங்காயை உப்பில் போட்டு மூடி வைத்தால், உப்பு காய்க்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. அந்த உப்புநீரில் கிருமி வளரத் தேவையான ஈரம் அதற்கு எட்டாமல் போகிறது. தயிர் மிளகாயும் இதே தத்துவம்தான்: ராத்திரியில் உப்பு மோரில் ஊறல், பகலில் வெயிலில் காய்ச்சல், மோரின் புளிப்பும் உப்பும் உலர்வும் சேர்ந்து மிளகாயை வருஷம் முழுக்கக் காக்கின்றன. இன்று பாட்டிலில் வரும் ஊறுகாயில் இந்த வேலையில் ஒரு பங்கைச் சோடியம் பென்சோயேட் செய்கிறது. பலரும் பயப்படும் ஐ.என்.எஸ். 211 இதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ ஊறுகாயில் 250 மில்லிகிராம் பென்சோயேட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 20 கிராம் ஊறுகாய் தொட்டுக்கொண்டால் வயிற்றுக்குப் போவது 5 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்குப்படி, ஒருவர் தன் உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் ஆயுள் முழுக்கத் தினமும் உட்கொள்ளலாம். 60 கிலோ எடை என்றால் 300 மில்லிகிராம். ஊறுகாயில் வந்தது அதில் அறுபதில் ஒரு பங்கு. இப்போது உப்பைப் பார்ப்போம். நூற்றுக்கு 12 பங்கு உப்பு உள்ள ஊறுகாய் என்றால் அதே 20 கிராமில் 2.4 கிராம் உப்பு. நாள் முழுக்க எல்லா உணவிலும் சேர்ந்தே 5 கிராமுக்குக் குறைவாக இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஏறக்குறைய பாதி ஊறுகாயிலேயே முடிந்துவிட்டது. எண் போட்ட பொருளைக் கண்டு பாட்டிலைத் திரும்ப வைத்தவர், எண் இல்லாத உப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. இத்தனைக்கும் அளவுக்கு மீறிய உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றும், அதன் வழியாகப் பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் இட்டுச் செல்லும் என்பதில் மருத்துவ உலகத்துக்குச் சந்தேகமே கிடையாது.

இந்த 'ஆயுள் முழுக்கத் தினமும்' என்ற அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஒரு பொருளை விலங்குகளுக்குப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து, எந்த அளவுவரை தீங்கு எதுவும் தென்படவில்லை என்று முதலில் பார்க்கிறார்கள். அந்த அளவை வழக்கமாக நூறால் வகுக்கிறார்கள். விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பத்து, மனிதனுக்கு மனிதன் உள்ள வேறுபாட்டுக்குப் பத்து. ஆகவே ஒரு நாள் அந்தக் கோட்டைத் தாண்டினால் உடனே விஷம் என்று பொருள் இல்லை. கோட்டுக்கும் ஆபத்துக்கும் நடுவே வேண்டுமென்றே விட்ட இடைவெளி பெரிது. இந்தக் கணக்குகள் கல்வெட்டும் அல்ல. பென்சோயேட்டுக்கான அளவை உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2021-இல் புதிய சோதனைகளைப் பார்த்து 5-லிருந்து 20-க்கு உயர்த்தியது. அதே பென்சோயேட் வைட்டமின் சி உள்ள பானங்களில் சேர்ந்தால், சூடும் வெளிச்சமும் படும்போது சிறிதளவு பென்சீன் உண்டாகலாம் என்று தெரிந்த பிறகு பான நிறுவனங்கள் தங்கள் கலவையை மாற்ற வேண்டி வந்தது. ஒரே பொருள் ஊறுகாயில் ஒரு மாதிரி, பானத்தில் ஒரு மாதிரி. பொருளின் பெயரை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது என்பதற்கு இதுவே போதும்.

'இயற்கையானது என்றால் கெடுதல் இல்லை' என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம். சில வருஷங்களுக்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது: பாக்கெட் உப்பில் சயனைடு இருக்கிறது! உப்பு கட்டிதட்டாமல் இருக்கப் பொட்டாசியம் ஃபெரோசயனைடு சேர்ப்பது உண்மை. கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியச் சட்டம். அந்தச் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் வயிற்றில் பிரிந்து வருவதில்லை. மரவள்ளிக்கிழங்கின் கதை வேறு. அதில் இயற்கையாகவே சயனைடைக் கக்கும் பொருள் இருக்கிறது. வேகவைத்து நீரை வடிப்பதும், கிழங்கை அரைத்துக் கழுவி மாவெடுத்து ஜவ்வரிசி ஆக்குவதும்தான் அதை நீக்குகின்றன. இன்னும் முக்கியமானது பூஞ்சை. வடாமும் வத்தலும் போடுவதற்கு மாசி, பங்குனி வெயில்தான் தோது. மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்த மிளகாயிலும் கொப்பரையிலும் நிலக்கடலையிலும் வளரும் சிலவகைப் பூஞ்சைகள் அஃப்ளடாக்சின் என்ற நச்சைச் சுரக்கும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் அதை வைத்திருக்கிறது. பென்சோயேட் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. எதுவும் சேர்க்காத, சரியாகக் காயாத வத்தலைவிட, அளவாகக் காப்புப் பொருள் சேர்த்த ஊறுகாய் பாதுகாப்பானதாக இருக்க முடியும். இயற்கை, செயற்கை என்ற பிரிவு இந்த இடத்தில் எதையும் தீர்த்துவைப்பதில்லை.

அப்படியானால் சேர்ப்பதெல்லாம் சரி என்று ஆகுமா? ஆகாது. இங்கேதான் இரண்டாவது கேள்வி வேலை செய்கிறது. உப்பில் அயோடின் சேர்ப்பது சாப்பிடுகிறவரின் தைராய்டுக்காக. ஊறுகாயில் காப்புப் பொருள் சேர்ப்பதில் விற்கிறவருக்கும் லாபம், பூஞ்சை பிடிக்காத பண்டம் கிடைப்பதால் வாங்குகிறவருக்கும் லாபம். செயற்கை நிறத்தால் சாப்பிடுகிறவருக்கு என்ன லாபம்? சத்து இல்லை, ருசி இல்லை, காப்பும் இல்லை. நேந்திரங்காய் வறுவலைப் பாருங்கள். முற்றிய காயைத் தோல் சீவி, வட்டமாக நேரே தேங்காய் எண்ணெயில் விழும்படி சீவிப்போட்டு, பாதி வெந்ததும் உப்பும் மஞ்சளும் கரைத்த நீரைத் தெளிப்பது முறை. எண்ணெய் சடசடவென்று பொங்கி அடங்கும்போது வறுவல் ஒரு மங்கிய பொன்னிறத்துக்கு வரும். ஒரு துண்டு போல இன்னொன்று இருக்காது. எல்லாத் துண்டும் எலுமிச்சை மஞ்சளில் ஒரேமாதிரி மின்னினால் டார்ட்ரசின் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்பட இடம் இருக்கிறது. டார்ட்ரசின் தடைசெய்யப்பட்ட பொருள் அல்ல. சில இனிப்புகளிலும் பானங்களிலும் அளவோடு அனுமதி உண்டு. வாழைக்காய் வறுவலில் கிடையாது. இருந்தும் சிப்ஸிலும் மிக்சரிலும் அதைக் கண்டுபிடித்துக் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை திரும்பத் திரும்ப நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கிறது. முற்றாத காய், பழைய எண்ணெய், மஞ்சளை மிச்சம் பிடித்தல் ஆகிய மூன்றையும் ஒரு சிட்டிகை நிறம் மறைத்துவிடும் என்பதுதான் காரணம்.

இந்த வரிசையின் கடைக்கோடியில் நிற்பது எந்த உணவுக்கும் அனுமதியே இல்லாத துணிச்சாயம். 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரி அரசும் அதைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசும் பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தன. மாதிரிகளில் ரோடமின்-பி இருந்தது ஆய்வில் தெரியவந்தது. அடுத்த மாதமே கர்நாடகம் நிறமூட்டிய பஞ்சுமிட்டாயையும், கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதையும் தடுத்தது. ரோடமின்-பி துணிக்கும் தாளுக்கும் போடும் சாயம். விலை மலிவு, கடுகளவு போட்டால் ஒரு பானைச் சர்க்கரை சிவக்கும். அனுமதி பெற்ற நிறங்களுக்கு உணவுத் தரமான தூள்தான் வாங்க வேண்டும், அளவும் பார்க்க வேண்டும்; சாயத்துக்கு அந்த வம்பு கிடையாது. லட்டிலும் பருப்பிலும் முன்பு அடிக்கடி பிடிபட்ட மெட்டானில் யெல்லோவும் இதே இனம்தான். தேர்த் திருவிழா எங்கே நடந்தாலும் பஞ்சுமிட்டாய், கலர் மிட்டாய், சிவப்பு அல்வா, பச்சை சர்பத் என்று தெரு நிறையும். இவை எதற்கும் லேபிள் கிடையாது, எண் கிடையாது. பாட்டிலில் அச்சான எண்ணைக் கண்டு அஞ்சுகிற அதே பெற்றோர், எண்ணே இல்லாத ரோஜா நிறத்தைக் குழந்தையின் கையில் வாங்கிக் கொடுக்கிறார்கள்.

நிறத்தைப் போலவே வெளுப்பும் கண்ணை ஏமாற்றும். சக்கவரட்டிக்கும் சர்க்கரை உப்பேரிக்கும் பாயசத்துக்கும் வேண்டிய வெல்லம் தமிழ்நாட்டிலிருந்தும் ஏராளமாக வருகிறது. கரும்புச்சாற்றைக் காய்ச்சி அழுக்கெடுத்தால் வெல்லம் பழுப்பாகத்தான் இருக்கும். ஆனால் சந்தையில் மஞ்சளாகப் பளபளக்கும் வெல்லத்துக்கே விலை. அதற்காக ஆலையில் 'ஹைட்ராஸ்' என்று சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைக் கொட்டுகிறார்கள். சேலம் வட்டாரத்து ஆலைகளில் அதிகாரிகள் சோதனை நடத்தி, ஹைட்ராஸையும் கலப்புக்கு வைத்திருந்த வெள்ளைச் சர்க்கரையையும் பறிமுதல் செய்வது வருஷந்தோறும் வரும் செய்தி. ஹைட்ராஸால் வெல்லத்தில் தங்கும் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. பெரும்பாலானவர்களுக்குக் கந்தகச் சேர்மங்கள் தொந்தரவு தருவதில்லை. ஆஸ்துமாக்காரரில் ஒரு சாராருக்கு மூச்சிரைப்பை உண்டாக்கும். கடுமையான எதிர்விளைவுகளும் சில மரணங்களும் நேர்ந்த பிறகு 1986-இல் அமெரிக்கா பச்சைக் காய்கறி, பழங்களில் இவற்றைத் தடைசெய்தது. இப்படிக் கண்ணை ஏமாற்றும் சரக்கைப் பற்றிப் பாலக்காட்டுக்குத் தனிக் கவலை உண்டு. கணவாய் வழியாகக் கேரளத்துக்குள் வரும் சரக்குக்கு வாளையார்தான் பெரிய வாசல். 2018 ஜூனில் 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் நடந்த சோதனையில் ஃபார்மலின் கலந்த மீன் அங்கேயும் பிடிபட்டது. எல்லையிலுள்ள மீனாட்சிபுரத்தில் பால் வண்டிகளைச் சோதிப்பதும் இதற்காகத்தான். ஃபார்மலினைச் சேர்க்கைப் பொருள் என்று சொல்வதே தவறு, அது பிணத்தைப் பாடம்பண்ணும் திரவம். கெட்டுப்போனதைக் கெடாததாகக் காட்டுவது ஒன்றே அதன் வேலை.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு: 'இன்று பாதுகாப்பானது என்கிறவர்களே நாளைக்குத் தடை போடுகிறார்களே, அவர்களை எப்படி நம்புவது?' நியாயமான கேள்வி. ரொட்டி மாவில் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட்டை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சர்வதேச முகமை 1999-லேயே வகைப்படுத்திவிட்டது. இந்தியாவில் அது விலக்கப்பட்டது 2016-இல், அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் டெல்லி ரொட்டிகளைச் சோதித்து அறிக்கை வெளியிட்ட பிறகு. டைட்டானியம் டை ஆக்சைடை 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவிலிருந்து நீக்கியது. எரித்ரோசின் என்ற சிவப்பு நிறத்துக்கு அமெரிக்கா 2025 ஜனவரியில் அனுமதியை ரத்து செய்தது. எலிகளில் தைராய்டு கட்டி வந்ததைக் காரணம் காட்டி அழகுசாதனப் பொருட்களில் அதைத் தடைசெய்ததோ 1990-இல். இந்தியாவில் அது இன்னும் அனுமதிப் பட்டியலில் இருந்துவரும் நிறம். ஆக, கட்டுப்பாட்டு அமைப்புகள் தாமதிக்கின்றன என்பது உண்மை. ஆனால் தடையான இந்த மூன்றில் இரண்டு நிறத்துக்காகச் சேர்த்தவை, ஒன்று ரொட்டி புசுபுசுவென்று உப்புவதற்காகச் சேர்த்தது என்பதைக் கவனியுங்கள். மூன்றும் இல்லாமலே அந்தப் பண்டங்களைச் செய்ய முடியும். ஒரு பொருளால் சாப்பிடுகிறவருக்கு நன்மை இல்லை என்றால், அது தீங்கு என்று உறுதியாக நிரூபணமாகும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. சிறு சந்தேகமே போதும். நன்மை உள்ள பொருளுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது, இழப்பையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

இரண்டாம் மறுப்பு: 'ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகச் சோதிக்கிறார்கள், நாம் பத்தையும் சேர்த்தல்லவா சாப்பிடுகிறோம்?' இதற்கு முழுப் பதில் அறிவியலிடம் இன்னும் இல்லை. ஐஸ்கிரீமிலும் சாஸிலும் எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் பொருட்களில் இரண்டை எலிகளுக்குக் கொடுத்தபோது குடல் நுண்ணுயிர்கள் மாறி அழற்சி உண்டானதை 2015-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு காட்டியது. அவற்றில் ஒன்றை வைத்து 16 பேரிடம் 11 நாள் நடத்திய சிறு ஆய்விலும் குடல் நுண்ணுயிர்களில் மாற்றம் தெரிந்தது. செயற்கை இனிப்பு அதிகம் உட்கொண்டவர்களிடம் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக இருந்ததைப் பிரான்சில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022-இல் சொன்னது. ஆனால் செயற்கை இனிப்பை நாடுகிறவர்களில் பலர் ஏற்கெனவே உடல் எடையோ சர்க்கரையோ கூடியவர்கள். காரணம் எது, விளைவு எது என்று அத்தகைய ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. 2023-இல் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஆஸ்பர்டேம் என்ற செயற்கை இனிப்பைப் 'புற்றுநோய்க்குச் சாத்தியம் உண்டு' என்ற பிரிவில் வைத்தபோதும், கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை நிபுணர் குழு மாற்றவில்லை. இதைவிடத் தெளிவான சான்று அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகங்கள் 2019-இல் வெளியிட்ட சோதனை. 20 பேரை ஒரே இடத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைத் தயாரிப்பு உணவும் இரண்டு வாரம் சமைத்த உணவும் கொடுத்தார்கள். ஆலை உணவில் அவர்கள் நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு எடை போட்டார்கள். எந்த எண்ணால் இது நடந்தது என்று யாருக்கும் தெரியாது. எந்த மாதிரி உணவால் நடந்தது என்று தெரியும். எனவே கலவையைக் கண்டு கவலைப்படுகிறவருக்கு உரிய பதில், எண்களை மனப்பாடம் செய்து ஒவ்வொன்றாக விலக்குவது அல்ல. நீளமான பட்டியல் உள்ள பாக்கெட்டை அன்றாட உணவாக்காமல், எப்போதாவது என்று வைத்துக்கொள்வதே.

மூன்றாம் மறுப்பு குழந்தைகளைப் பற்றியது, இதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் மூன்று வயதும் எட்டு ஒன்பது வயதுமான ஏறக்குறைய 300 குழந்தைகளுக்குச் செயற்கை நிறங்களும் பென்சோயேட்டும் கலந்த பானத்தையும், அவை இல்லாத அதே போன்ற பானத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2007-இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவு: நிறக்கலவை குடித்தபோது துறுதுறுப்பும் கவனச் சிதறலும் சராசரியாகக் கொஞ்சம் கூடின. விளைவு சிறியது, எல்லாக் குழந்தைக்கும் ஒரேமாதிரி இல்லை. இருந்தாலும் 2010 ஜூலையிலிருந்து ஆய்வில் சேர்த்த ஆறு நிறங்களில் எது இருந்தாலும் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும் என்று ஐரோப்பா விதித்தது. டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், பொன்சோ 4ஆர் ஆகிய நான்கும் அந்த ஆறில் சேர்ந்தவை. நம் நாட்டில் அனுமதி உள்ளவை. இதோடு எடைக் கணக்கும் சேர்கிறது. வரம்பு கிலோ எடைக்கு இவ்வளவு என்று இருப்பதால், 60 கிலோ அப்பாவுக்கு உள்ள இடைவெளியில் கால் பங்குதான் 15 கிலோக் குழந்தைக்கு. கலர் மிட்டாயை அதிகம் தின்கிறதும் அந்தக் குழந்தைதான். தராசு வைத்துக் கலக்கும் ஆலையிலாவது அளவு தெரியும். கரண்டி நுனியால் கலக்கும் கடையில் அளவே கிடையாது.

அஜினமோட்டோவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தக்காளியிலும் முருங்கையிலும் பாலாடைக்கட்டியிலும் இருக்கும் அதே குளூட்டமேட்தான் அது. 1968-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழுக்கு வந்த ஒரு கடிதத்திலிருந்து கிளம்பிய பயம், பின்னால் நடந்த கட்டுப்பாடான சோதனைகளில் உறுதிப்படவில்லை. மிக அதிகமாக, வெறும் வயிற்றில் எடுத்தால் சிலருக்குத் தலைவலி வரலாம். 2015-இல் மேகி நூடுல்ஸ் விவகாரத்தில் கேள்வி எழுந்ததும் குளூட்டமேட் விஷமா என்பதைப் பற்றி அல்ல. 'சேர்க்கவில்லை' என்று உறையில் எழுதியது சரியா, ஈயம் எவ்வளவு இருந்தது என்பவற்றைப் பற்றித்தான். உறையில் எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒன்றா என்ற கேள்வியே அங்கும் முக்கியமாக இருந்தது.

கடைசி மறுப்பு கல்பாத்தி போன்ற ஊர்களுக்கே உரியது: 'வீட்டில் நாலு பேர் சேர்ந்து வடாம் போட்டுப் பிழைப்பு நடத்துகிறார்கள். அவர்களைப் போய் லேபிள், லைசென்ஸ் என்று படுத்தலாமா?' சிறு தொழிலுக்குச் சட்டம் கேட்பது எளிய பதிவு மட்டுமே. திருவிழாவில் தற்காலிகமாகக் கடை போடுகிறவருக்கும் அது பொருந்தும். லேபிள் அவர்களுக்குப் பாரம் அல்ல, பாதுகாப்பு. பெருங்காயத்தை நினைத்துப் பாருங்கள். நாம் வாங்கும் டப்பாவில் இருப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்: பிசின், கோதுமை மாவு அல்லது அரிசி மாவு, அவற்றோடு ஆப்கானிஸ்தானிலிருந்தோ ஈரானிலிருந்தோ வந்த அசல் பெருங்காயம் ஒரு பங்கு. இது கலப்படம் அல்ல, சட்டப்படி சரியான பண்டம். ஆனால் கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு அந்த ஒரு வரி தெரிந்தாக வேண்டும். அந்தப் பெருங்காயத்தைப் போட்டு ஊறுகாய் செய்யும் வீட்டுக்காரர், 'எதுவும் சேர்க்கவில்லை' என்று மனதார நம்பிச் சொன்னாலும் அது உண்மை ஆகாது. மாறாக 'உளுந்து, உப்பு, பப்படக்காரம், நல்லெண்ணெய், செய்த தேதி' என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பொட்டலத்தில் வைத்தால், அதே ஊர்ப் பெயரைப் போட்டு எங்கோ ஆலையில் செய்து விற்கும் போலியிலிருந்து அவருடைய பப்படம் தனித்துத் தெரியும். ஊரின் நல்ல பெயரைக் காப்பாற்ற இதைவிட மலிவான வழி இல்லை.

மூலத்தில் பிடித்தால் கலப்படம் அடங்கும் என்பதற்கு வங்கதேசமே சாட்சி. அங்கே மஞ்சள் கிழங்குக்கு மினுமினுப்பு ஏற்ற ஈய குரோமேட் பூசிவந்தார்கள். 2019-இல் சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் நூற்றுக்கு 47-இல் ஈயம் இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் மக்களுக்கு விளக்கினார்கள். அரசு மொத்தச் சந்தையில் சோதனை நடத்தி வியாபாரிகளுக்கு அபராதம் போட்டது. 2021-இல் ஈயம் கலந்த மாதிரி ஒன்றுகூட அகப்படவில்லை. ஏழை நாட்டில், சிறு வியாபாரிகள் நிறைந்த சந்தையில் இரண்டே வருஷத்தில் இது நடந்தது. நம் உணவுப் பாதுகாப்புத் துறையும் ஒவ்வொரு சிப்ஸ் கடையாக ஏறி இறங்குவதோடு நிற்காமல், நிறத்தூளும் ஹைட்ராஸும் எந்த மொத்தக் கடையிலிருந்து போகின்றன என்று தேடினால் பலன் விரைவில் தெரியும். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே கடை போடுகிறவர்களைக் கூட்டி, என்ன நிறம் போடுவார்கள் என்று கோயில் கமிட்டியும் நகராட்சியும் கேட்டு எழுதி வாங்கலாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

வாங்குகிறவர் செய்ய வேண்டியதும் இந்த இரண்டு கேள்விகளிலிருந்தே வருகிறது. எவ்வளவு என்ற கேள்வி முதலில் உப்பையும் சர்க்கரையையும் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயையும் நோக்கிக் கையை நீட்டும். ரத்த அழுத்தக்காரர் ஊறுகாயைப் பாதியாகக் குறைத்தால் கிடைக்கும் நன்மை, பென்சோயேட் இல்லாத பாட்டிலைத் தேடி அலைவதால் கிடைக்காது. யாருக்காக என்ற கேள்வி நிறத்தையும் வெளுப்பையும் தள்ளச் சொல்லும். சிப்ஸ் கடைக்காரர் டார்ட்ரசினைத் தன் நாக்குக்காகப் போடுவதில்லை. இரண்டு தட்டில் எது பளிச்சென்று இருக்கிறதோ அதைச் சுட்டிக்காட்டி வாங்குகிற நம் விரலுக்காகப் போடுகிறார். வெல்ல ஆலைக்காரர் ஹைட்ராஸ் வாங்குவதும் பழுப்பு வெல்லத்துக்கு விலை இறங்குவதால்தான். மங்கிய வறுவலையும் கறுத்த வெல்லத்தையும் கேட்டு வாங்கும் ஆள் பெருகினால், நிறத்தூள் வாங்கும் செலவு வியாபாரிக்கு வீண் செலவாகிவிடும். வீண் செலவை எந்த வியாபாரியும் நெடுநாள் செய்ய மாட்டார்.